திருநீற்றுப்பச்சிலையும் ஒரு துண்டுக் கருவாடும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் செண்பகம் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்த மருந்துச்சாலையில் இலை, வேர் வாங்கும் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. எடுத்ததும் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிற பெண், அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"சார், பத்தமடை பேச்சியம்மா அக்கா கொண்டாந்த பச்சிலையப் புது மிஷின் வேண்டாங்குது. மணம் பத்தாதாம். திருப்பிக் கொண்டு போங்கன்னு சொன்னேன். வாசல்ல மூட்டைய வச்சிட்டு உக்காந்துட்டாங்க. நீங்க ஒரு எட்டு வந்து மோந்து பாத்துச் சொல்லுதீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் பதறிப்போய்ப் பேசுகிறாள், நான் சிரிக்கிறேன். பேச்சியம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்த கதை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் மைதீன். மேலப்பாளையத்துக்காரன். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்தது 'இலை பார்க்கிற' வேலை. கேட்கிறவர்களுக்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். என் மாமனாருக்குக் கடைசிவரை தோன்றியது. விவசாயிகளும் வியாபாரிகளும் மூட்டையில் கொண்டுவருவது கேட்ட செடிதானா, கலப்படம் இல்லையா, பதமாக இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணுக்கு அதில் பாதி வேலை, மீதி மூக்குக்கு. அதனால் மருந்துச்சாலையில் எனக்கு 'மூக்கு மைதீன்' என்று பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் என் முழுப்பெயரை யாரும் எழுதியதில்லை.

கையில் பட்ட இலைகளிலேயே எனக்குப் பிரியமானது திருநீற்றுப்பச்சிலை. துளசிக்குப் பங்காளி. ஆனால் துளசியின் காட்டம் இதற்குக் கிடையாது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கிராம்பு, கடைசியில் எலுமிச்சம் தோல் மாதிரி ஒரு வாசம். சைவ வீடுகளில் திருநீற்றுத் தட்டில் இரண்டு இலையைப் போட்டு வைப்பார்கள். எங்களில் பெரியவர்கள் இதையே ரைஹான் என்பார்கள். இதன் விதைதான் சப்ஜா. எங்கள் வாப்பா சர்பத் கடை வைத்திருந்தார். நோன்பு மாதத்தில் பெரிய அண்டாவில் சப்ஜாவை ஊறவைத்து, அது கண் கண்ணாக உப்பி வந்ததும் சர்பத்தில் அள்ளிப் போடுவார். வெயிலில் வருகிறவனுக்கு உள்ளே குளிர்ந்துவிடும். இலையைக் கசக்கி மோந்தால் குமட்டல் அடங்கும் என்று பஸ்ஸில் போகிற பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டு போவார்கள். சாற்றை முகப்பருவுக்குத் தடவுவார்கள். தூக்கம் வராதவர்கள் தலையணைக்கு அடியில் ஒரு கொத்து வைப்பதுண்டு. எங்கள் மருந்துச்சாலையில் பச்சை இலையை இடித்துச் சாறெடுத்து, நல்லெண்ணெயோடு சேர்த்துத் தலைவலித் தைலம் காய்ச்சுவோம். இலையில் மணம் இல்லாவிட்டால் அந்தத் தைலம் வெறும் நல்லெண்ணெய்தான்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கோமதி அம்மாள். நான் மூட்டை தைக்கிற ஆளாகச் சேர்ந்தேன். ஒரு நாள் தைத்த மூட்டைக்குள் ஆடாதொடையோடு வேறு ஏதோ இலை கலந்திருக்கிறது என்று வாசத்தை வைத்துச் சொன்னேன். பிரித்துப் பார்த்தார்கள், இருந்தது. கோமதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் முக்கியம் என்று அர்த்தம். மறுநாளிலிருந்து நான் இலை பார்க்கிற மேஜைக்கு வந்தேன். அதன்பிறகு மூன்று வருஷம் படித்ததை எல்லாம் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

அந்த அம்மாள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் சட்டதிட்டம் உண்டு. இலை பார்க்கிறவன் வெற்றிலை போடக் கூடாது. காபி குடித்தால் அரை மணி நேரம் மேஜைக்கு வரக் கூடாது. கையைச் சோப்பில் கழுவக் கூடாது, பயத்தமாவுதான். மூட்டையில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுக்க வேண்டும். முதலில் தண்டை விரலில் உருட்ட வேண்டும். பச்சிலைக்கும் துளசிக்கும் தண்டு உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். பிறகு இடது உள்ளங்கையில் கசக்கி ஒரு தடவை மோந்து, வேட்டி நுனியை மோந்து மூக்கைச் சமன் செய்து, மறுபடி ஒரு தடவை. அதற்கு மேல் மோக்கக் கூடாது. மூன்றாம் தடவை மூக்கு பொய் சொல்லும் என்பார்.

இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அத்தர் விஷயம்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் பூசாமல் போவது எங்களில் ஒரு மாதிரி. மத்தியானம் திரும்பி வந்து இலை பார்க்க வேண்டுமே என்று நான் வெறும் சட்டையோடு போய் நிற்பேன். மாப்பிள்ளை அவ்வளவு கஞ்சனா என்று மாமனார் என் மனைவி ரஹ்மத்திடம் கேட்டிருக்கிறார். சாயந்தரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆசை தீரப் பூசிக்கொள்வேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு மூட்டைக்கு ஒரே மூக்கு, ஒரே கையெழுத்து. பார்த்தவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கோமதி அம்மாளே அதில் தலையிட மாட்டார். ஆனால் வேண்டாம் என்பதைக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து, காரணத்தோடு, அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சீட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விடக் கூடாது.

இந்தச் சட்டத்தால் எனக்குப் பெயரும் வந்தது, தலைக்கனமும் வந்தது. நாங்குநேரிப் பக்கத்து வியாபாரி ஒருவர் துளசிச் சாயலில் காட்டில் முளைக்கிற நாய்த்துளசியை அறுத்து, அதன்மேல் பச்சிலை எண்ணெயைத் தெளித்துக் கொண்டுவந்தார். மூட்டையை அவிழ்த்ததும் ஊரே மணந்தது. எனக்கு அதுதான் சந்தேகம். நல்ல இலை கசக்கினால்தான் பேசும், சும்மா கிடக்கும்போது கத்தாது. ஒரு வெள்ளைத் துணியில் இலையைத் துடைத்துக் காட்டினேன்; எண்ணெய்க்கறை. அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. என் மூக்கு தப்பாது என்று எல்லாரும் நம்பினார்கள். எல்லாரையும்விட நான் நம்பினேன்.

கொரோனா வந்த வருஷம். ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தி ஒரு நாள் எனக்கு உடம்பு வலித்தது, லேசாகக் காய்ச்சல். மூட்டை தூக்கியதால்தான் என்று ரசம் குடித்துவிட்டுப் படுத்தேன், மறுநாள் சரியாகிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பேச்சியம்மா பத்தமடைப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயலில் அஞ்சு பாத்தி பச்சிலை போட்டிருந்தாள். புருஷன் இல்லை, தனியாள் பயிர். எட்டு வருஷமாக எங்களுக்கு இலை கொடுக்கிறவள். அந்த வாரங்களில் மோந்து பார்க்க வேண்டியதாக வந்தது அவள் இலை மட்டும்தான்; மற்றதெல்லாம் கண்ணாலேயே பார்த்து முடிக்கிற காய்ந்த வேரும் பட்டையும். காலையில் பனி காய்ந்ததும் அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பத்து மணிக்குள் வந்துவிடுவாள். வாடினால் இலை வீண் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முகக்கவசத்தை இறக்கிவிட்டு இலையைக் கசக்கி மோந்தேன். ஒன்றும் இல்லை. வேட்டி நுனியை மோந்துவிட்டு மறுபடி மோந்தேன். வைக்கோல் மாதிரி இருந்தது.

மூட்டை இறக்குகிற சுடலை பக்கத்தில் நின்றுகொண்டு, நல்லாத்தானே மணக்குது என்றார். உமக்கு மூக்கு இருக்கோ என்று நான் கேட்டேன். அவர் அடுத்த மூட்டையை இறக்கப் போய்விட்டார். பேச்சியம்மாவிடம், தண்ணீர் அதிகம் பாய்ச்சியிருக்கிறாய், அதனால் மணம் நீர்த்துப் போயிருக்கிறது என்று காரணமும் சொன்னேன். சரி அண்ணாச்சி என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்தாள். மணம் இல்லை. பூக்கதிர் முற்றிவிட்டது, கிள்ளிவிடு என்றேன். மூன்றாவது வாரம் கதிரை எல்லாம் கிள்ளிவிட்டு வந்தாள். அன்றைக்கும் வைக்கோல்தான். கோமதி அம்மாள் இருந்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பார். அவர் வீட்டுக்காரருக்கு நோய் கண்டு, அம்மாளும் வீட்டோடு அடைபட்டுக் கிடந்த நாட்கள் அவை. மூன்றாவது சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சியம்மா கொஞ்ச நேரம் நின்றாள்.

"மண்ணு செத்துப்போச்சு போலுக்கு, அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வார சனிக்கெழம ஆள் விட்டுப் பிடுங்கிட்டு உளுந்து போட்டுருதேன்."

அதுதான் நல்லது என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அந்த நாட்களில் எனக்கு உலகமே கெட்டுப்போயிருந்தது. ரஹ்மத் வைக்கிற மீன் குழம்பு சரியில்லை. டீக்கடைக்காரர் தூளை மாற்றிவிட்டார். அத்தர் கடையில் தண்ணீர் கலந்து விற்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரரோடு போய்ச் சண்டை போட்டேன், அவர் என்னுடைய பழைய சிநேகிதர். அவர் வேறொரு புதுக் குப்பி கொடுத்து அனுப்பினார். மூன்றாவது சீட்டுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை அது. கோமதி அம்மாள் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஜும்மா முடிந்து சாப்பிட வீட்டுக்கு வந்தவன், புது அத்தரையும் சோதித்துவிடலாம், பூசினாலும் மணக்கவா போகிறது என்று சட்டையில் தடவினேன். மணக்கவில்லை. இன்னும் தடவினேன். பாதிக் குப்பியைக் கவிழ்த்துவிட்டேன். ரஹ்மத் அடுப்படியிலிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இங்கேருங்க, என்ன செய்யுதீங்க? பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல அடைச்சிட்டா. உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

கையை மோந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் உரித்த பூண்டு, பெருங்காய டப்பா, மண்ணெண்ணெய்க் கேன் மூடி எல்லாம் எடுத்து வந்து ஒவ்வொன்றாக நீட்டினாள். எதுவும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். மூக்கு போனதுகூட உடனே உறைக்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை என்பதுதான் உறைத்தது.

சட்டையை மாற்றிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினேன். கோமதி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சல் வந்ததையும் சேர்த்து. அவர் அது எத்தனை நாள் முந்தி என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றேன். பிறகு அவர் எழுந்து போய் மூடிபோட்ட மூன்று பீங்கான் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். முதல் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை மோந்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இதில் லேசாகப் பச்சிலை தெரிகிறது அம்மா என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். முதலாவது கற்பூரவல்லி, இரண்டாவது பச்சிலை. மூன்றாவது காலிக் கிண்ணம்.

கோமதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மைதீன், மூக்கு போனது நோய். அதுக்கு நீங்க பொறுப்பில்ல. அந்த மூணு சீட்டுக்கு நீங்கதான் பொறுப்பு. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

சீட்டின் அலுவலக நகல்களைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கிழிக்கக் கூடாது, அதன் கீழேயே எழுதுங்கள் என்றார். மூன்றிலும் 'இலையில் பழுது இல்லை, பார்த்தவன் மூக்கு பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் என் மூக்குக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து அவை மூன்றும்தான்.

பேச்சியம்மாவிடம் போன் கிடையாது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கி, கால்வாய்க் கரையோடு வேகமாக நடந்தேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. நாலு பெண்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்கிக் கொண்டிருந்தார்கள். ரெண்டு பாத்தி முடிந்து மூன்றாவதில் கைவைத்திருந்தார்கள். பிடுங்கிய செடி வரப்பு முழுக்கக் குவிந்து கிடந்தது. அவ்வளவு பச்சிலையை ஒரே இடத்தில் மிதித்து நசுக்கினால் ரோட்டில் போகிறவன்கூட நின்று மோப்பான். நான் அதன் நடுவில் நிற்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"பேச்சியம்மா, நிறுத்தச் சொல்லு. உன் எல நல்ல எல. என் மூக்குதான் போயிட்டு."

சீட்டுகளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"பாவம் பாத்துச் சொல்லுதீங்க, அண்ணாச்சி. தனியா நிக்கான்னு மனசு கேக்காம வந்திருக்கீங்க. மணமில்லாத எலயக் கொடுத்து உங்க தைலத்துக்குக் கெட்ட பேரு வாங்கித் தர எனக்கு இஷ்டமில்ல. நீங்க போங்க. நாங்க வேலையப் பாக்கோம்."

குனிந்து அடுத்த செடியில் கைவைத்துவிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொன்னபோது நம்பியவள் வேண்டும் என்று சொல்லும்போது நம்ப மாட்டேன் என்கிறாள். எட்டு வருஷமாக என் மூக்கை அவள் அப்படி நம்பியிருக்கிறாள். அவள் கையில் அடுத்த செடியும் வந்துவிட்டது.

நான் வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் இஷ்டத்துக்கு எதையாவது என் மூக்குக்கு நேரே நீட்டுங்கள், என்னவென்று சொல்கிறேன் என்றேன். பெண்கள் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்தார்கள். தூக்குவாளி திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ மூக்குக்குக் கிட்டே நீட்டினார்கள். நான் முறைப்படி ஒரு தடவை மோந்தேன். வேட்டி நுனியை மோந்தேன். மறுபடி மோந்தேன். ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"பச்சிலைதான?"

அப்புறம் நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் செடிக்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் திறந்தேன். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வைத்திருந்த சுட்ட கருவாடு. மூக்கு மைதீன் மூக்கில் படுகிற தூரத்தில் ஒரு துண்டுச் சாளைக் கருவாடு.

பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த செடியில் நாலு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி, முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"மணக்கத்தான் செய்யுது, அண்ணாச்சி. மூணு வாரமும் மணந்துது. நீங்க இல்லன்னு சொன்னதும் எனக்குத்தான் கோட்டி பிடிச்சிட்டுன்னு நெனச்சிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் இருக்கிறது. அவள் திட்டியிருந்தால் பட்டுக்கொண்டு வந்திருப்பேன். மணந்துகொண்டிருந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, என் பேச்சுக்காகத் தன்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கிறாள்.

பிடுங்கியதில் வேரோடு வந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, அன்றைக்கு மத்தியானம் வரை எல்லாருமாக மறுபடி நட்டோம். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான் நட்ட வரிசை கோணலாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் கேலி செய்தார்கள். பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கும் கஞ்சி ஊற்றி, அந்தக் கருவாட்டையே தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு கோமதி அம்மாள் சீட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'கொண்டுவந்தவர் சொல்வது'. நாங்கள் மோக்கும் முன்பு, கொண்டுவந்தவர் மோந்து சொல்வதை அதில் எழுத வேண்டும். இருவர் சொல்லும் ஒத்துப் போகாவிட்டால் மூன்றாவது மூக்கைக் கூப்பிட வேண்டும். முதல் சில மாதம் பேச்சியம்மா அந்த வரியில் 'அண்ணாச்சி சொல்றதுதான்' என்று எழுதச் சொன்னாள். நான் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். வேறு வழியில்லாமல் மோந்து பார்த்து, 'நல்லாருக்கு' என்பாள். போகப் போக, 'போன வாரத்துக்கு இது கொஞ்சம் மட்டம்' என்றுகூடச் சொல்லத் தொடங்கினாள். சரியாகத்தான் சொன்னாள்.

எனக்கு மூக்கு திரும்ப ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதுவரை கோமதி அம்மாளே மோந்தார். நான் தண்டை உருட்டினேன், இலையைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் திரும்பி வந்தது பச்சிலை வாசம் என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்தது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சாக்கடை வாசம். நான் அங்கேயே நின்று ஆசையாக இழுத்து மோந்தேன்; கூட நின்றவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். முழு மூக்கு திரும்பவில்லை. முக்கால் மூக்கோடு ஓய்வு பெற்றேன், அது போதும். வெள்ளிக்கிழமை இப்போது அத்தரோடு போகிறேன். அளவு ரஹ்மத் பார்த்துச் சொல்லுவாள்.

இப்போது செண்பகத்தின் போனுக்கு வருகிறேன். புது மிஷின் நல்ல மிஷின்தான். இலையை அரைத்து ஒரு குழிக்குள் வைத்தால் மணத்துக்கு எண் காட்டுகிறது. காபி குடிக்காது, அத்தர் பூசாது. அது வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. செண்பகத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மிஷினுக்குக் கருவாடு வச்சுப் பாத்தியாம்மா?"

பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். கருவாட்டை வை, பிறகு ஒன்றுமே வைக்காமல் காலிக் குழியைப் பார், என்ன எண் வருகிறது என்று சொல் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். கேன்டீனில் கருவாடு வாங்கி வைத்துப் பார்த்தாளாம். பச்சிலைக்கு வந்த எண்ணே வந்ததாம். காலிக் குழிக்கும் அதே எண்தானாம். மிஷின் கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வருகிறாராம். அதுவரை யார் மோப்பது, நான் வருகிறேனா என்று மறுபடி கேட்டாள். முக்கால் மூக்கு போதுமென்றால் வருகிறேன், அதற்கு முன் போனைப் பேச்சியம்மாவிடம் கொடு என்றேன்.

வெயிலில் உட்கார்ந்திருக்கிறாயே, இலை வாடாதா என்று கேட்டேன். ஈரச் சாக்கில்தான் சுற்றி வைத்திருக்கிறாளாம். நான் கிளம்பி வரட்டுமா என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வெயில்ல அலையுதீங்க? எல நல்ல எல. நான் மோந்துட்டேன். அவங்க வாங்குத வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."